கேள்வி – பதில்: கண் எம்.ஆர்.ஐ. ஏன் மங்குகிறது?

கண்ணுக்குள் கட்டி இருக்குமோ என்று அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். படம் தெளிவில்லை, திரும்ப எடுங்கள் என்கிறார்கள். 3 டெஸ்லா இயந்திரம் உள்ள இடமாகப் பார்த்துப் போனால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அளவு. அது கூடினால் சிக்னல் கூடும். ஆனால் கண் படங்கள் பெரும்பாலும் மங்குவது அசைவால். அதை எந்தக் காந்தமும் தடுக்காது. கண்கோளத்தின் குறுக்களவே சுமார் 24 மி.மீ.தான். அதற்குள் அரை மில்லிமீட்டர் விவரத்தைத் தேடும்போது விழி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கட்டியின் விளிம்பு கரைந்துவிடும். எம்.ஆர்.ஐ.யில் பதிவாகும் ஒவ்வொரு சிக்னலிலும் முழுப் படத்தின் பங்கும் கலந்திருக்கும். அதனால் நடுவில் ஒருமுறை விழி திரும்பினாலும் கறை படம் முழுக்கப் பரவும்.

“கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் படுங்க” என்பதோடு விட்டுவிடுகிறார்கள். மூடிய இமைக்குள்ளும் விழி உலாவிக்கொண்டுதான் இருக்கும். ஹெட் காயிலில் (தலையைச் சுற்றி வைத்து சிக்னலைப் பிடிக்கும் கருவி) உள்ள கண்ணாடி வழியே தெரியும்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதையே பார்க்கச் சொல்வது மேல். அப்பாவுக்கு அந்தக் கண்ணில் பார்வை குறைவு என்றாலும் பரவாயில்லை. நல்ல கண் ஒரு புள்ளியில் நின்றால் மற்றதும் பெரும்பாலும் கூடவே நிற்கும். ஒவ்வொரு சீக்வென்ஸையும் (ஒரு வகைப் படங்களை எடுக்கும் ஒரு சுற்று) இரண்டு, மூன்று நிமிடத்தில் முடித்து, இடையில் நன்றாகச் சிமிட்ட விட வேண்டும். கண் உலர்ந்தால் யாராலும் சிமிட்டாமல் இருக்க முடியாது.

அடுத்தது காயில். கண்மேல் வைக்கும் சிறு வட்டக் காயில் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணை ஒட்டியே இருப்பதால் சிக்னலை நன்றாகப் பிடிக்கும். தலையின் மற்ற பகுதிகளிலிருந்து வரும் இரைச்சலும் குறையும். ஆழம் போகப்போக அதன் பிடி தளரும். கட்டி பார்வை நரம்பு வழியே பின்னால் போயிருக்கிறதா என்று பார்க்க ஹெட் காயில்தான் வேண்டும்.

மூன்றாவது கொழுப்பு. கண்குழி நிறையக் கொழுப்பு. டி1 என்ற வகைப் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் (கட்டியை எடுத்துக்காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து) ஏறிய கட்டியும் வெள்ளை. அதனால் கொழுப்பின் சிக்னலை அடக்கிப் படம் எடுக்க வேண்டும். மூக்கை ஒட்டிய காற்றறைகளுக்குப் பக்கத்தில் வழக்கமான அடக்குமுறை திட்டுத்திட்டாகத் தோற்கும். அங்கே கொழுப்பையும் நீரையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் டிக்ஸன் முறை நன்றாக வேலை செய்யும். கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிறகு ‘ஸ்டிர்’ என்ற இன்னொரு கொழுப்படக்கும் முறையில் எடுப்பது வீண், அது கட்டியின் வெளிச்சத்தையும் சேர்த்தே அணைத்துவிடக்கூடும். மருந்து ஏற்றுமுன் எடுத்த டி1 படமும் கட்டாயம் வேண்டும். மெலனோமா (நிறமி செல்களில் வரும் புற்றுநோய்) என்றால் மெலனின் என்ற அந்த நிறமி காரணமாக முன்பே வெளுத்துத் தெரியலாம். ஒப்பிட அந்தப் படம் இல்லாவிட்டால் ரேடியாலஜிஸ்ட் திணறுவார்.

இவ்வளவும் கவனித்துச் செய்யும் 1.5 டெஸ்லா சென்டரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

லேத் பட்டறையில் வேலை. முன்பு கண்ணில் இரும்புத்தூள் தெறித்து எடுத்திருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் மெல்லிய ஸ்லைஸில் சி.டி. வலி இல்லை என்பதை நம்ப வேண்டாம், சிறு துகள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். அப்படித் தெரியாமல் எம்.ஆர்.ஐ.க்குள் போன ஒருவருக்கு, காந்தம் துகளை அசைத்ததால், கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போனது 1986-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. டெக்னீஷியன் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கண் மை, மஸ்காரா போட்டிருக்கலாமா? கேட்டராக்ட் லென்ஸ் வைத்திருந்தால்?
– வாசகி, திருச்சி

மஸ்காராவில் இரும்பு ஆக்சைடு இருக்கலாம். கண்ணின் முன்பகுதிப் படத்தை அது வளைத்துக் கெடுக்கும். முந்தைய இரவே துடைத்துவிடுங்கள். இன்று வழக்கமாக வைக்கும் லென்ஸ்கள் அக்ரிலிக் வகை. அவற்றால் சிக்கல் இல்லை. ஆனாலும் லென்ஸ் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.