ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

டீ செட், அலாரம் செட், சன்செட் எல்லாவற்றிலும் வருவது ஒரே சொல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்து ஒன்றுதான், வேர் இரண்டு.

வினைச்சொல்லான செட், பழைய ஆங்கிலத்தில் ‘உட்கார வைப்பது’ என்ற பொருளில் இருந்தது. ‘சிட்’டுக்கு நெருங்கிய சொந்தம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அலாரம் முள்ளை ஐந்தில் உட்கார வைக்கிறோம். மாலையில் சூரியன் போய் அமர்கிறது. அம்பத்தூரில் எங்கள் மாடிக்கு கான்கிரீட் போட்ட அன்று கொத்தனார், “செட் ஆகிற வரைக்கும் கால் வைக்காதீங்க சார்” என்றார். இறுகி உட்காரும் அதே செட்தான்.

தொகுதியைக் குறிக்கும் செட், லத்தீன் ‘செக்டா’விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. டீ செட், நம்ம ஊர் செட் தோசை, “நாங்க ஒரே காலேஜ் செட்” எல்லாம் இந்த வகை.

அப்புறம், சென்னையில் “இந்த வேலை எனக்கு செட் ஆகல” என்கிறோமே, அது தமிழில் நாம் வளர்த்த அர்த்தம். இன்டர்வியூவில் அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் புரியாது. அங்கே ‘சூட்’ என்ற சொல்தான் சரி. இன்னொன்று, இறந்தகாலத்திலும் செட் செட்தான், ‘செட்டட்’ கிடையாது.