காலேஜ் சீட்டுக்குக் கட்டும் பணத்தை அவன் மூச்சுக்குக் கட்டுங்கள்

அம்மா, போன வாரம் நீங்களும் உங்கள் அண்ணனும் நாமக்கல்லிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்துபோன பிறகு, எனக்கு இரண்டு நாள் இதே யோசனைதான். பிளஸ் டூ முடித்த பிள்ளை, லீவில் டிங்கரிங் பட்டறைக்குப் போய் கார் பெயின்டிங் பழகிவிட்டு, "இதையே படிக்கிறேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அண்ணன் பேசி வைத்திருக்கும் இன்ஜினியரிங் காலேஜ் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் வேண்டாம். நன்கொடை மட்டும் இரண்டு லட்சம், அதற்கு மேல் நான்கு வருடக் கட்டணம். உங்கள் கையில் இருப்பதோ எட்டுப் பவுன். கணக்கை வேண்டாவெறுப்பாகப் படித்துத் தேறிய பிள்ளைக்காக அந்த நகையை அடகுக் கடைக்கு அனுப்பாதீர்கள். "நம்ம வீட்டுப் பையன் பெயின்டரா?" என்று அண்ணன் கேட்டார். வட்டி கட்டப்போவது அவர் இல்லை, நீங்கள்.

உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் பேசினேன் அல்லவா, அப்போது போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளி நிற மெட்டாலிக் கார். வெயிலில் ஒரு கதவு மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறது. "ஸ்ப்ரே கன்னை ரொம்பக் கிட்ட பிடிச்சிட்டேன் சார். பெயின்ட் ஈரமா விழுந்து, அலுமினியத் தூள் உள்ளே அமுங்கிடுச்சு. அதான் கருக்கல்" என்றான். அவன் சொன்னது சரி. ஒரே டப்பா பெயின்ட்தான், ஈரமாக விழுந்தால் கறுக்கும், காய்ந்து விழுந்தால் வெளுக்கும். பிழையை மறைக்காமல் அதன் காரணத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளையிடம் "உனக்குப் படிப்பு ஏறாது" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பி.இ., டிப்ளமோ பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுகிறேன். ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் ஆட்டோ பாடி பெயின்டிங்' என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு வருடம்தான், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் கிடையாது. எங்கே இருக்கிறது என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் சேர்க்கைப் பட்டியலில் பாருங்கள். முடித்ததும் தொழில் பழகுநராகச் சேர்ந்தால் உதவித்தொகையோடு வேலை கற்கலாம். கார் பெயின்டிங் என்பது வேர்ல்டு ஸ்கில்ஸ் என்ற உலகத் திறன் போட்டியிலேயே ஒரு பிரிவு என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

"பெயின்ட் நாத்தத்துல நுரையீரல் போயிடும்னு சொல்றாங்களே" என்று கேட்டீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது நாற்றத்துக்கு அல்ல. காரின் மேல் கண்ணாடி மாதிரி மின்னுகிற கிளியர் கோட்டில், அது இறுகுவதற்காக ஹார்டனர் கலக்கிறார்கள். அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. மூக்குக்குத் தெரியாத அளவிலேயே அது கெடுதல் செய்யும். உடம்புக்கு ஒருமுறை அது ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளியளவு பட்டாலே மூச்சிரைக்கும். ஆஸ்துமாவோடு தொழிலையே விட வேண்டி வரும். கைக்குட்டை கட்டுவது வீண். தூசுக்குப் போடும் என்95 மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி கேட்ரிட்ஜ் போட்ட, மூக்கையும் வாயையும் மூடும் அரைமுக மாஸ்க் தின்னருக்கும் சாதாரண பெயின்ட்டுக்கும் உதவும். ஹார்டனர் கலந்து அடிக்கும்போது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகத்துக்குக் கொண்டுவரும் மாஸ்க்தான் சரி. அந்தக் காற்று கம்ப்ரஷரிலிருந்து வந்தால், எண்ணெயையும் ஈரத்தையும் பிடிக்கும் மூச்சுக்காற்று ஃபில்டர் நடுவில் இருந்தே ஆக வேண்டும்.

அனுபவசாலிகளே செய்கிற தப்பு ஒன்று உண்டு. கடைசிக் கோட் அடித்து முடித்த கையோடு மாஸ்க்கைத் தூக்கிவிட்டு, குனிந்து ஃபினிஷிங் பார்ப்பார்கள். பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தில் பெயின்ட் பனி கலைந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் விசிறி ஓடி அந்தக் காற்று முழுதும் வெளியேறும் வரை மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். தோல் வழியாகவும் ஐசோசயனேட் உள்ளே போகும் என்பதால் நைட்ரைல் கையுறையும் முழு உடையும் கட்டாயம். அவனுக்கு 18 நிறையும் வரை ஹார்டனர் பக்கமே போகக் கூடாது.

கன்னுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் உண்டு. பழைய மாதிரி கன்னில் பெயின்ட் பாதிக்கு மேல் புகையாகப் பறந்துவிடும். எச்.வி.எல்.பி. கன்னில் காற்று நிறைய, அழுத்தம் குறைவு. கன்னின் முனையில் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாது, 65 சதவீதமாவது காரில் ஒட்டும். பெயின்டும் மிச்சம், சுவாசிக்கிற பனியும் குறைவு. ஆனால் அதற்கு நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். 1 எச்.பி. கம்ப்ரஷர் அதில் பாதிகூடத் தராது. கன்னை வாங்கி அதில் மாட்டிவிட்டு "கன் சரியில்லை" என்பவர்கள் நிறைய. நிறம் தரும் பேஸ் கோட்டுக்கும் கிளியருக்கும் 1.3 அல்லது 1.4 மி.மீ. துளையுள்ள நாசில், அடியில் முதலில் அடிக்கும் பிரைமருக்கு 1.6க்கு மேல். கன்னுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் தூரம், ஒரு வரிசையின் மேல் அடுத்த வரிசை பாதி ஏற வேண்டும். இதெல்லாம் அவனுக்குத் தெரியும். நீங்களும் தெரிந்து வைத்தால், அவன் செய்வது கைவேலை மட்டும் இல்லை என்று உங்களுக்கே புரியும்.

செலவில் நான் கறாராகச் சொல்கிறேன். இப்போது கன், கம்ப்ரஷர் எதுவும் வாங்கித் தராதீர்கள், படிக்கிற இடத்தில் இருக்கும். முகத்துக்குப் பொருந்துகிற அரைமுக மாஸ்க், மாற்று கேட்ரிட்ஜ், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, உடை, இவ்வளவுதான். அந்த நன்கொடையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. வேலைக்குச் சேரும் முன் நுரையீரல் எவ்வளவு நன்றாக ஊதுகிறது என்று அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை ஒன்று எடுத்து அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் மூச்சில் மாற்றம் வந்தால் ஒப்பிட அதுதான் உதவும். பழகப் போகும் பட்டறையில் சம்பளத்தைக் கேட்கும் முன், காற்று வரும் மாஸ்க் இருக்கிறதா, பூத்தில் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு சொந்தக்காரர் பட்டறையானாலும் அங்கே வேண்டாம்.

ஒன்றை அவனிடம் கேட்க மறந்துவிட்டேன், நீங்கள் கேளுங்கள். ஆசையாகத் தாடி வளர்த்து வைத்திருக்கிறான். முடி நடுவில் இருந்தால் அரைமுக மாஸ்க்கின் ரப்பர் தோலில் ஒட்டாது, ஓரமாக ஆவி உள்ளே போய்விடும். தினமும் மழித்துக்கொண்டு வேலைக்குப் போகச் சம்மதமா என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லும் பதிலோடு சனிக்கிழமை எனக்குப் போன் செய்யுங்கள். சரி என்றால் அன்றைக்கே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிடலாம்.