‘டேக்’ என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, பேசி வைத்துக்கொண்டு எழுதியவை போல, ‘டேக்’ என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தேன். ஆனால் படிக்கப் படிக்க ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பொருள் வருகிறது. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது. இதை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? (திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: ‘எடு’ என்பதிலிருந்தே தொடங்கலாம். போன வாரம் பெரியார் நிலையத்தில் திருப்பரங்குன்றம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர், “டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்கங்க” என்றார். நடைபாதையில் இருந்த பூக்கூடையைக் காட்டி, “அதை எடும்மா, ஆளு போக வேணாமா” என்றார் ஒரு பெரியவர். முன் இருக்கையிலிருந்து ஒருவர், “வண்டிய எடுங்கண்ணே, நேரமாகுது” என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுத்தார். என் அருகில் இருந்த பெண், “எத்தனை தடவ அடிச்சாலும் போனை எடுக்க மாட்டேங்குறான்” என்று அலுத்துக்கொள்ள, அவர் மடியில் இருந்த பிள்ளை, “பசி எடுக்குதும்மா” என்றது. வண்டி நகர்வதற்குள் ஐந்து ‘எடு’. இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: டிக்கெட்டுக்கு ‘பை’, கூடைக்கு ‘மூவ்’, வண்டிக்கு ‘ஸ்டார்ட்’, போனுக்கு ‘ஆன்சர்’ அல்லது ‘பிக் அப்’; பசிக்கு வினையே மாறிப்போய் ‘ஐ ஆம் ஹங்ரி’ என்று ஆகிவிடும். ‘டேக்’ என்பது ஓரிடத்திலும் கச்சிதமாக வந்து உட்காராது.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ‘டேக்’ வரும் இடங்களில், நாம் படத்தை எடுக்கிறோம், பஸ்ஸைப் பிடிக்கிறோம், பரீட்சையை எழுதுகிறோம், லஞ்சத்தையும் பழியையும் வாங்குகிறோம், யோசனையைக் கேட்கிறோம், பதவிப் பிரமாணத்தை ஏற்கிறோம், கேலியைத் தாங்கிக்கொள்கிறோம். ஆரப்பாளையத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு எவ்வளவு நேரம் ‘டேக்’ செய்யும் என்பதை, ‘எவ்வளவு நேரம் ஆகும்’ அல்லது ‘பிடிக்கும்’ என்று கேட்கிறோம். ஆகவே ‘டேக்’ என்ற சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பயனில்லை. அது எந்தப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வருகிறதோ அதோடு சேர்த்து, ‘டேக் தி பஸ்’, ‘டேக் தி எக்ஸாம்’ என்று இணையாகவே நோட்டில் எழுதிப் படியுங்கள்.

பின்னால் ஒட்டு வரும்போதுதான் உண்மையான சிக்கல். ‘டேக் ஆஃப்’ என்றால் சட்டை என்றால் கழற்று, விமானம் என்றால் கிளம்பு. ‘டேக் இன்’ என்பதற்கு அகராதி ‘ஏமாற்று’ என்று ஒரு பொருள் தரும். ஆனால் தையற்கடையில் அதற்கு வேறு பொருள். மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்தில் தையற்காரர்கள் மெஷினோடு வரிசையாக உட்கார்ந்திருந்த காலத்தில் என் அம்மா ரவிக்கையைக் கொடுத்து, “இடுப்புல அரை இஞ்சு பிடிக்கணும்” என்று சொல்வார்கள். அந்தப் ‘பிடிக்கணும்’ தான் ஆங்கிலத்துத் தையற்காரரின் ‘டேக் இன்’. ‘ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்’ என்பதை ஒரு மாணவர் ‘அவன் அப்பாவுக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறான்’ என்று மொழிபெயர்த்திருந்ததைத் திருத்தியிருக்கிறேன். ‘அப்பனை உரிச்சு வச்சிருக்கான்’ என்று அவர் வீட்டில் ஆயிரம் முறை கேட்டிருப்பார். எழுத உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

கேள்வி: ‘மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இது தமிழா, ஆங்கிலமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: சொல் தமிழ், சொல்முறை ஆங்கிலம். ஆங்கிலத்தில் மாத்திரை, கஷாயம், லேகியம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘டேக்’ போதும். நம் பக்கத்தில் மாத்திரையைப் போடுவார்கள், கஷாயத்தைக் குடிப்பார்கள், லேகியத்தைச் சாப்பிடுவார்கள். இந்த வேறுபாடு வெறும் அலங்காரம் அன்று. ஒரு மருந்துக்கடையில் என் கண் முன்னால் நடந்தது இது. கடைக்காரத் தம்பி அட்டையை நீட்டி, “அப்பத்தா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு எடுத்துக்கங்க” என்றார். அந்த அம்மாள், “ரெண்டு தடவ வரணுமாய்யா? இப்பவே மொத்தமா எடுத்துக்கிடுறேனே” என்று அட்டையை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை.

ஆனால் ஆங்கில வழியில் வந்த எல்லா ‘எடு’வையும் விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ‘ஓய்வு எடு’ நம் வாயில் ஊறிவிட்டது. ‘நடவடிக்கை எடு’ என்பதை அரசாங்கக் கோப்பிலிருந்து இனி யாராலும் பிரிக்க முடியாது. ‘முடிவு எடு’ என்பதும் அப்படியே. ‘முடிவு செய்’ என்று எழுதினால் ஓசை இறுக்கமாக இருக்கும் என்பதால் நான் அதையே எழுதுகிறேன், அவ்வளவுதான். ஆங்கிலத்திலேயே இதில் ஒற்றுமை இல்லை: பிரிட்டிஷார் ‘டேக் எ டிசிஷன்’ என்றும் சொல்வார்கள், அமெரிக்கர் ‘மேக் எ டிசிஷன்’ என்பார்கள். ‘சிகிச்சை எடுத்துக்கொண்டார்’ என்பதைவிட ‘சிகிச்சை பெற்றார்’ அல்லது ‘வைத்தியம் பார்த்துக்கொண்டார்’ மேல். ‘குளியல் எடுத்தார்’ என்று ஒரு சிறுகதையில் படித்தபோது மட்டும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழா அழைப்பிதழை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் அச்சிடுகிறோம். முளைப்பாரி எடுத்தல், பால்குடம் எடுத்தல், புரவியெடுப்பு ஆகியவற்றுக்கு ‘டேக்’ போடலாமா? (மேலூர் பக்கத்திலிருந்து ஒரு விழாக்குழுவினர்)

பதில்: போடாதீர்கள். ‘டேக்கிங் மில்க் பாட்ஸ்’ என்றால் யாரோ பால்குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ‘கேரி’ என்பதே பொருத்தமான வினை. ‘எடு’ என்பதற்குக் கையில் வாங்குவது மட்டும் பொருள் அன்று. மேலே உயர்த்துவது என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. ‘கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை’ என்ற குறளில் வரும் ‘எடுப்பது’, வீழ்ந்தவரைத் தூக்கி நிறுத்துவது. ‘எடுப்பான மூக்கு’ என்று பெண் பார்க்கப் போனவர்கள் வந்து சொல்வதிலும் அந்தப் பொருள்தான் இருக்கிறது. முளைப்பாரியைத் தலையில் ஏற்றுகிறோம். ஊர் பிடிமண் கொடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளார் செய்து சுட்டு வண்ணம் தீட்டி வைத்த மண்குதிரைகளைத் தோளில் தூக்கி ஐயனார் கோயிலுக்குக் கொண்டுசேர்க்கிறோம். தலைக்கும் தோளுக்கும் ஏறுவதால்தான் அது எடுப்பு. ‘டேக்’ என்ற சொல்லில் இந்த உயரம் கிடையாது.

நம் ஆங்கில நாளிதழ்களில் ‘எ ப்ரொசெஷன் வாஸ் டேக்கன் அவுட்’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தியாவில் விளைந்த ஆங்கிலம். இங்கே யாவருக்கும் புரியும் என்பதால் அதைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் படிக்கப்போகிற அழைப்பிதழ் என்பதால் தவிர்க்கலாம். ‘புரவியெடுப்பு’ என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே அச்சிட்டு, அடியில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

கேள்வி: அண்மையில் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசிய ஓர் அன்பர், ‘டேக்’ என்பது தமிழின் ‘தகை’யிலிருந்து போன சொல் என்றார். கைதட்டலும் விழுந்தது. உண்மைதானா? (சோழவந்தான் வாசகர்)

பதில்: உண்மை இல்லை. கைதட்டியவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒலி ஒத்து வந்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஒரு சொல்லின் பிறப்பைத் தேடும்போது அதன் இன்றைய உருவத்தைப் பார்க்கக் கூடாது, கிடைக்கிற மிகப் பழைய உருவத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது: மிகப் பழைய ஆங்கிலத்தில் ‘டேக்’ என்ற சொல்லே இல்லை.

அக்காலத்து ஆங்கிலேயர் ‘எடு’ என்பதற்கு ‘நிமன்’ என்றார்கள். இன்றைய ஜெர்மன் மொழியின் ‘நேமன்’ அதன் உடன்பிறப்பு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததோடு தொடங்கிய, ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் வருகை, 865இல் பெரும்படையாக மாறி, அடுத்த ஆண்டே யார்க் நகரைப் பிடித்தது. வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் உழுது, பெண் எடுத்துப் பெண் கொடுத்து, கொண்டான் கொடுத்தான் என்று ஆகிப்போனார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியில் ‘எடு’ என்பதற்கு ‘தாகா’ என்று சொல். அதுதான் பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் உள்ளே நுழைந்து, சில நூற்றாண்டுகளில் ‘நிமன்’ இருந்த இடத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது. ‘எக்’, ‘நைஃப்’, ‘விண்டோ’ போன்ற வீட்டுச் சொற்களும், ‘தே’, ‘தெம்’ என்ற பிரதிப்பெயர்களும்கூட அந்தக் குடியேற்றத்தோடு வந்தவையே. போருக்கு வந்தவர்களின் சொல் கடைவீதியோடு நின்றுவிடும். சம்பந்தம் செய்துகொண்டவர்களின் சொல்தான் அடுப்படி வரை வரும் என்பது என் எண்ணம்.

‘தாகா’வுக்கும் முந்தைய பொருள் தொடுவது என்பதாக இருந்திருக்கும், ஆங்கிலமும் நார்ஸும் அடங்கிய அதே ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த கோதிக் மொழியில், 4ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பில், ‘தேகன்’ என்றால் தொடு. தொட்டதைப் பற்றி, பற்றியதை எடுத்து என்று பொருள் நகர்ந்திருக்கிறது. ‘மிஸ்டேக்’ என்பதும் நார்ஸ் வழி வந்ததே. நாம் “தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்று சொல்வதை ஒரே சொல்லாகக் கோத்தாற்போன்றது அது.

தோற்றுப்போன ‘நிமன்’ முற்றிலும் மறைந்துவிடவில்லை. மரத்துப்போன கையைக் குறிக்கும் ‘நம்’ என்ற சொல், ‘எடுத்துக்கொள்ளப்பட்டது’ என்ற அதன் பழைய எச்ச வடிவம். சுறுசுறுப்பானவரைக் குறிக்கும் ‘நிம்பிள்’ என்ற சொல்லும் அதன் வழிவந்ததே. பிற்காலத்தில் ‘நிம்’ என்பது திருடுவதைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாக இறங்கியது. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்தில் கை நீளமான ஒரு சிப்பாய்க்கு நிம் என்றே பெயர் வைத்தார்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் வேண்டுமானால் கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி என்று ஐயத்துக்கு இடமில்லாதவை இருக்கின்றன. அவை போன வழியும் தெரியும். அந்த அன்பரிடம் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘பேக்’ என்றால் ‘பேக்டு’. ‘டேக்’ மட்டும் ஏன் ‘டுக்’, ‘டேக்கன்’? என் மகன் கேட்கிறான், பதில் சொல்ல முடியவில்லை. மேலும், சாலைப் பலகைகளில் வரும் ‘டேக் டைவர்ஷன்’ சரியான ஆங்கிலம்தானா? (நான்குவழிச் சாலையோரம் ஊர் என்று மட்டும் எழுதியிருக்கும் வாசகர்)

பதில்: உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டுவது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழைய வழக்கம். நார்ஸில் ‘தாகா’வின் இறந்தகாலம் ‘தோக்’. ‘டேக்’ அந்த வழக்கத்தோடேயே வந்தது. ‘ஷேக், ஷுக், ஷேக்கன்’ அதன் கூட்டாளி. பழைய ஆங்கிலத்தில் ‘பேக்’ என்பதும் இதே வரிசையில்தான் இருந்தது. பிறகு அது வரிசையை விட்டு விலகி ‘பேக்டு’ ஆகிவிட்டது. மகனிடம், எடு என்றால் எடுத்தான், விடு என்றால் ஏன் ‘விடுத்தான்’ என்று பேசாமல் ‘விட்டான்’ என்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ‘படு’ என்ற ஒரே சொல் பாயில் என்றால் படுத்தான், பாடு என்றால் பட்டான் என்று இரண்டு பக்கமும் போவதை அவனே கண்டுபிடிப்பான்.

பலகை விஷயத்தில், இங்கிலாந்தில் ‘டைவர்ஷன்’ என்று மட்டும் எழுதி அம்புக்குறி போட்டிருப்பார்கள். ‘டேக்’ சேர்த்தது நாம். பொருள் கெடவில்லை. தமிழிலும் ‘மாற்றுப்பாதையில் செல்லவும்’ என்று எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுங்கள். இரவில் அந்தப் பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் பள்ளம் இருக்கும்.