கல் வரிகள் சரிந்திருந்தால் பாலம் முறுக்கிக்கொண்டதா?

கேள்வி: இங்கிலாந்தின் டெர்பிஷயரில் குடியிருக்கிறோம். மகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வழியில் டெர்பி–லீட்ஸ் ரயில் பாதையின் பழைய கல் பாலம் ஒன்று. அண்ணாந்து பார்த்தால் வளைவுக் கற்கள் திருகாணி மரைபோலச் சாய்ந்து போகின்றன. பாலம் முறுக்கிக்கொண்டதா? சில இடுக்குகளில் சாந்தும் உதிர்ந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து சிமெண்ட் பூசலாமா?

பதில்: முறுக்கிக்கொள்ளவில்லை, பயப்படாதீர்கள். கட்டும்போதே அப்படித்தான் கட்டினார்கள். உங்கள் பாதை 1840-இல் திறந்தது; பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அவர் மகன் ராபர்ட்டும் அமைத்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் பாலம் நேர்குறுக்காக வரவேண்டும் என்பதற்காகச் சாலையை வளைத்துவிடுவார்கள். வேகமாக ஓடும் ரயிலை அப்படி வெடுக்கென்று திருப்ப முடியாது. அதனால் சாலையைச் சாய்வாகவே கடக்க வேண்டியதாயிற்று.

சாய்ந்த பாலத்தில் கல் வரிகளை வளைவைத் தாங்கும் சுவருக்கு இணையாக அடுக்கினால் கூர்மூலைப் பக்கத்துக் கற்களுக்கு எதிர்ப்பக்கத்தில் தாங்கல் இருக்காது. சுமை பாலத்தின் முகப்புக்கு இணையாகவே இறங்கும். கல் இடுக்குகள் அதற்குச் செங்குத்தாக இருந்தால்தான் கற்கள் ஒன்றையொன்று இறுக்கும். மகளோடு செய்து பாருங்கள்: சாய்சதுரமாக ஒரு தாளை வெட்டி, சாய்ந்த ஓரத்துக்குச் செங்குத்தாகக் கோடுகள் போட்டு, மற்ற இரண்டு ஓரங்களும் தரையில் படும்படி வளைவாக மடக்குங்கள். கோடுகள் திருகிக்கொண்டு ஏறும். உங்கள் பாலத்தின் அடிப்பக்கம் அதுதான். அடுத்த முறை வளைவு சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சாய்ந்து வரும் வரிகளை ஏந்த அங்கே கற்களை ரம்பப் பல்லாகச் செதுக்கியிருப்பார்கள். அந்தக் கல்தச்சர்களின் கைத்திறனை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்: ஒவ்வொரு கல்லின் படுகையும், அதாவது அடுத்த வரிக் கல்லோடு படியும் பக்கமும், தட்டையில்லை, லேசாக முறுக்கிய பரப்பு.

சிமெண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்புச் சாந்துக் கட்டு. கல்லுக்குள் இறங்கும் ஈரம் மென்மையான அந்தச் சாந்து வழியாக வெளியேறும். சிமெண்ட் வழியை அடைத்துவிடும். ஈரம் கல்லுக்குள் தங்கிப் பனிக்காலத்தில் உறையும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சாந்து போனால் மறுபடி பூசலாம், கல் போனால் போனதுதான்.

தவிர, ரயில் ஓடும் பாலம், தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தின் பொறுப்பு. வெளியார் கைவைக்கக் கூடாது. இந்தப் பாதையின் பல பாலங்கள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளவை. உங்களுடையதும் அந்தப் பட்டியலில் உண்டா என்று, பழம்பெரும் கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையதளத்தில் தேடலாம். இருந்தால், அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்வது குற்றம்.

அடிப்பக்கத்து வெள்ளைப் படிவு கரைந்து வழிந்த சுண்ணாம்பு. மேலே நீர் கசிகிறது என்று பொருள், அவசரமில்லை. புதிதாக விரிசல், கீழிறங்கிய கல், வெளியே பிதுங்கிய பக்கச்சுவர் என்றால் காத்திருக்காதீர்கள். சாலைமேல் போகும் பல பாலங்களில் பாலத்தின் எண்ணும் தொலைபேசி எண்ணும் பொறித்த பலகை இருக்கும். அதில் அழைத்துப் பாலத்தின் எண்ணைச் சொல்லுங்கள். படம் எடுத்தால் சாலையில் நின்றே எடுங்கள், எந்தப் பக்கத்து முகப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.