எங்கள் நூலகம் வரைபடத்தில் இல்லையே!

கேள்வி: எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தமிழ் நூலகம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இல்லை. நானே சேர்க்கலாமா, ஐயா? - ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம், அம்மா. 2004-இல் தொடங்கிய அந்த வரைபடத்தில் கணக்குத் திறந்த யாரும் திருத்தலாம். கட்டடத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, வகையை ‘லைப்ரரி’ என்று தேர்ந்தெடுங்கள். தமிழ்ப் பெயரைத் தனியாகச் சேர்க்க வழி உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், கூகுள் மேப்பைப் பார்த்து எழுதக் கூடாது. உரிமைச் சிக்கல் வரும். நேரில் போய்ப் பாருங்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு படிப்பகத்தின் பெயர்ப்பலகையில் ‘தினமும்’ என்று இருந்தது. கதவில் ஒட்டிய மஞ்சள் தாளிலோ, ‘சனி, ஞாயிறு மட்டும்’. உள்ளே இருந்த அக்காவிடம் கேட்டேன். தாள்தான் சரி என்றார். அதையே திறக்கும் நேரமாகப் பதிந்தேன்.