ஆங்கில வழியில் படிக்க ஜெர்மனி போகிறேன். ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்ப நிலை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

வகுப்புக்குள் முடியும். வாசலைத் தாண்டினால் கஷ்டம்.

நான் முதுகலை படித்தது சாக்சனி மாநிலத்தில், கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். பாடம், தேர்வு, ஆய்வேடு எல்லாமே ஆங்கிலம். இந்திய மாணவர்களும் நிறைய. சாம்பாருக்கும் அரட்டைக்கும் குறை இருக்காது. ஆபத்தே அதில்தான். ஒரு வார்த்தை ஜெர்மன் பேசாமல் பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம் வேலை விளம்பரங்களில் பி2 (ஏ1, ஏ2, பி1 தாண்டிய நிலை) கேட்பதைப் பார்த்துத் திகைத்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். அந்தக் காலத்தைப் போய் ஏ2 வகுப்பில் உட்கார்ந்து கழிக்கவா?

முதல் சில வாரங்கள் மொழியைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது, காகித வேலை அவ்வளவு. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு தாள் அதற்குத் தேவை. வாடகை பேசும்போதே அதைத் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம். விசாவுக்காகப் பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கில் ('பிளாக்ட் அக்கவுண்ட்') போட்ட 11,904 யூரோ மாதம் 992 என்று பிரித்துத்தான் கைக்கு வரும். அதனால் முதல் மாத வாடகைக்கும் முன்பணத்துக்கும் தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்து வாருங்கள்.

பதிந்த பிறகு கடிதங்கள் வர ஆரம்பிக்கும். இந்த ஊர் இன்னும் தபாலில்தான் ஓடுகிறது. வரி எண், காப்பீட்டு அட்டை, வங்கியின் ரகசிய எண் என்று பலதும் கடிதமாகவே வரும், கடிதம் ஜெர்மனில்தான் இருக்கும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நம்மில் பலருக்கு அப்பா பெயர் இருக்கும். பெட்டியில் அதைத்தான் ஒட்ட வேண்டும். மருத்துவமனை வரவேற்பில் உங்கள் அப்பாவைக் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுந்து போக வேண்டும். பழகிவிடும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. என்னிடம் டிவியே இல்லையே என்ற வாதம் அங்கே எடுபடாது. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டால் பின்னால் அபராதத்தோடு திரும்பி வரும். நாலு பேர் சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு கொடுத்தால் போதும்.

சரி, மொழிக்கு வருவோம். இலக்கணத்தைக் கண்டு எல்லோரும் பயமுறுத்துவார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அது அவ்வளவு மோசமில்லை என்பது என் கருத்து. வேற்றுமை நமக்குப் புதிதில்லை. நாம் 'வீட்டை', 'வீட்டுக்கு' என்று சொல்லின் வாலை மாற்றுகிறோம், அவர்கள் பெரும்பாலும் சொல்லுக்கு முன்னால் நிற்கும் டேர், டி, டாஸை (ஆங்கில 'the' போன்றவை) மாற்றுகிறார்கள். 'ஏனென்றால்', 'என்று' போன்ற இணைப்பு வந்தால் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு படிப்பவர்கள் அங்கே திணறுவார்கள், நமக்கு அது பிறந்த வீடு. பால்தான் தொல்லை. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை. நம் திணைக் கணக்கு எதுவும் செல்லாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

உண்மையில் கழுத்தைப் பிடிப்பது காதுதான். எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 47 என்பதை 'ஏழும் நாற்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். போனில் ஒருவர் நம்பரை இரண்டிரண்டாகச் சொன்னால் கை தானாக 7-ஐ முதலில் எழுதிவிடும். மணியும் அப்படித்தான். 'ஹால்ப் ட்ரை' (சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று') என்றால் இரண்டரை, மூன்றரை இல்லை. இது நாடு முழுக்க உண்டு. சாக்சனியில் கூடுதலாக 'ஃபியர்டல் ட்ரை' என்பார்கள், அது இரண்டேகால். சென்னையில் எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை. சாக்சனிக்காரர்கள் 'ட', 'ப' ஒலிகளை மெலித்து வேறு பேசுவார்கள், 'போஸ்ட்' என்பதில் முதல் எழுத்து ஆங்கில 'B' போலக் கேட்கும். ஒரே 'ப'வை இரண்டு விதமாகவும் படித்துப் பழகிய நமக்கு இதில் புகார் சொல்ல உரிமையில்லை.

ஆகவே சான்றிதழைத் துரத்துவதைவிட, ஜெர்மன் தவிர வேறு வழியில்லாத ஓர் இடத்தை வாரத்தில் இரண்டு முறையாவது தேடிப் போங்கள். எனக்கு அது பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் வாலிபால் குழு. கட்டணம் சொற்பம். அங்கே கத்துகிற வார்த்தைகள் பத்துப் பதினைந்துதான், திரும்பத் திரும்ப வரும். ஆட்டம் முடிந்து உட்கார்ந்து பேசும்போது மற்றது வரும். பகுதிநேர வேலையிலும் இதைப் பாருங்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. கிடங்கில் பார்சல் பிரிக்கிற வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அங்கே யாரும் யாரோடும் பேச நேரமிருக்காது. பேக்கரி, உணவகம் என்றால் முதல் மாதம் வியர்க்கும், மூன்றாவது மாதம் வாய் திறக்கும்.

நீங்கள் தடுமாறினால் கடைக்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். அது அவர் செய்யும் உதவி, அவமானம் இல்லை. 'அவுஃப் டாய்ச், பிட்டே' (தயவுசெய்து ஜெர்மனில்) என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் மெதுவாகத் திரும்பப் பேசுவார்கள். டாக்டரிடம் நேரம் வாங்கப் போன் செய்வதுதான் எனக்குக் கடைசிவரை வயிற்றைக் கலக்கியது. என்ன பிரச்சினை, என்ன காப்பீடு, பிறந்த தேதி, இந்த மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவேன். வேலை கிடைத்த பிறகும் அப்படித்தான்.

கிளம்புவதற்கு இன்னும் மூன்று நாலு மாதம் இருந்தால் ஏ2 முடித்துவிட்டு வாருங்கள், வந்த பிறகு படிக்கலாம் என்று தள்ளாதீர்கள். முதல் பருவத்தில் பாடச்சுமையே தலைக்கு மேல் போகும், போதாததற்கு டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்புகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இருக்கும். ஆனால் இடங்கள் பருவத் தொடக்கத்திலேயே நிரம்பிவிடும். பதிவு எப்போது திறக்கிறது என்று இப்போதே அவர்கள் தளத்தில் பார்த்து வையுங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் ஊருக்கு ஊர் இருக்கும் 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல' என்ற மக்கள் கல்வி நிலையத்தில் மாலை வகுப்பு கிடைக்கும். காசு கொடுத்துச் சேர வேண்டும், ஆனால் அங்கே கூட உட்காருபவர்கள் சிரியா, உக்ரைன், வியட்நாம் என்று வந்தவர்கள். அவர்களோடு பேச உங்களுக்கு ஆங்கிலம் உதவாது.