வாசகர் கேள்வி – பதில்: பள்ளி மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் மகன் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். மளிகைக் கடைக் கணக்கை மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். நான்கு வரி எழுதச் சொன்னால் அழுகிறான். டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள் பள்ளியில். மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்கினால் பையனின் எதிர்காலம் பாழாகிவிடும் என்று என் கணவர் அஞ்சுகிறார். அவன் நோட்டின் சில பக்கங்களையும் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகனைப் பள்ளி மாற்ற வேண்டியதில்லை. நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். 'கொடி' என்பது 'காடி' ஆகியிருக்கிறது. 'பள்ளி'யில் புள்ளியைக் காணோம். ஒகரத்தை எழுத வேண்டுமானால், காதில் பின்னால் விழும் ஒலிக்காக எழுத்துக்கு முன்னாலேயே கொம்பைப் போட்டு, பிறகு காலையும் இட வேண்டும். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் இப்படி மாறிப்போகும் இடங்களில் இத்தகைய பிள்ளைகள் பெரிதும் தடுமாறுகிறார்கள். பத்துத் தடவை எழுதிவரச் சொல்லும் இம்போசிஷனால் இது சரியாவதில்லை, கைதான் வலிக்கும். ஆனால் நோட்டை வைத்து நான் முடிவு சொல்ல இயலாது. முறையான மதிப்பீடு வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இடம்பெறாத 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்னும் வகையும் அவற்றுள் ஒன்று; டிஸ்லெக்சியா அதில்தான் அடங்கும். பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் உரிய மாற்றங்களைச் செய்யும்படி 17-ஆம் பிரிவு அரசுக்குக் கடமை விதிக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே இவற்றைத் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்துமூலமாக ஒரு மனு கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது, தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் அவருடனேயே போய்விடும். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வந்து பையனைப் பார்க்கும்படி மனுவிலேயே கேளுங்கள். அந்த மையம் நடத்தும் மருத்துவ முகாமிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ மதிப்பீட்டுக்கு வழி கேட்கலாம். இதையெல்லாம் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு தொடங்கி, சான்றிதழுக்காக ஓடி அலைகிற பெற்றோர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் இம்மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும், எழுதித்தர ஓர் ஆளும் கோரலாம். ஆனால் எழுதுபவர் கிடைத்தால் மட்டும் போதாது, அவருக்குச் சொல்லப் பழகியிருக்கவும் வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "அடுத்த பத்தி, இங்கே அடிக்கோடு, இந்தச் சமன்பாட்டில் அடைப்புக்குறி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வது பெரியவர்களுக்கே எளிதன்று. எட்டாம் வகுப்புப் பருவத் தேர்விலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு சொல்: சான்றிதழ் நீங்கள் எடுத்துக் காட்டினால்தான் பிறர் கண்ணில் படும், 'சோம்பேறி' என்ற பெயரோ கேட்காமலேயே வகுப்பு வகுப்பாகப் பையனைத் தொடர்ந்து வரும். குறைபாட்டின் அளவு, பல சலுகைகளுக்கு வரம்பாக வைத்திருக்கும் 40 விழுக்காட்டுக்குக் குறைவு என்று சான்றிதழில் வந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். கை எழுத இயலாமல் இறுகிப்போகும் குறைபாடுடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்காகத் தொடுத்த வழக்கில், எழுதித்தரும் ஆளை 40 விழுக்காட்டினருக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

கேள்வி: என் பேத்திக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம் உள்ளவள். தெருக்கோடியில் தொடக்கப் பள்ளி இருந்தும், வீட்டிலேயே பயிற்சி கொடுத்தால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: சரியன்று. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை, 2012-இல் திருத்தப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் அளிக்கிறது. அது குடும்பம் தேர்ந்துகொள்வது, பள்ளி நம்மேல் சுமத்துவதன்று. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதிருந்தால், 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு கூறுகிறது. எனவே பேத்தியின் பெயரை முதலில் அந்தப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு அனுப்புங்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும், அழைத்து வருபவருக்கும் பயணத்துக்குமான படியும் உண்டு. மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகையும் உண்டு. சிறப்பு ஆசிரியர் தினமும் வருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் மாணவர் பத்துப் பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளவு வகுத்தது; நடப்பிலோ ஒருவரே பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார். ஆகையால் அவர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் உடனிருந்து, குழந்தையை எப்படி உட்காரவைப்பது, எந்தக் கையில் பென்சிலைக் கொடுப்பது என்று பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். விரிவான மதிப்பீடு தேவையானால், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

சேர்க்கும் முன் சக்கர நாற்காலியுடன் ஒருமுறை பள்ளிக்குப் போய்வாருங்கள். வாசலில் சாய்தளம் கட்டியிருப்பார்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். பிள்ளைகள் மதியத்துக்குமேல் பள்ளியில் தங்காமல் போவது பல இடங்களில் அந்தக் கதவினால்தான்.